ஏழாம் லயத்துக்கு நான் போகவில்லை

நான் போகாத ஒரு வீட்டுக்குப் போனதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியால் ஒரு பெண் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் திருவிருந்துப் பந்தியில் முழங்காலிட முடியாமல் போனது. அப்போது நான் உபதேசியார், ஆயருக்கு அடுத்த படியில் சபை ஊழியம் செய்பவன். பிறகு ஆயராகி, ஊர் ஊராக மாறி, மன்னிப்பைப் பற்றி எத்தனையோ ஞாயிறுகளில் பிரசங்கம் செய்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த வரி மட்டும் ஓய்வு பெறவில்லை.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு தாள். போன மாதம் எலப்புள்ளியில் என் வீட்டுக்கு எங்கள் சபையின் இளம் ஆயர் வந்தார். கையில் ஒரு படிவம். சபை ஒழுங்கு விசாரணைகளுக்கு இனி இதுதானாம்.

"ஏனுங்கய்யா, இதைக் கொஞ்சம் பாருங்க. முந்தி மாதிரிப் பக்கம் பக்கமா எழுத வேண்டியதில்லீங்க. டிக் போட்டாப் போதுமுங்க" என்றார்.

மூன்றாவது கேள்வி: தனியாகச் சந்தித்துப் பேசினீர்களா? பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள், ஆம், இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உபதேசியார்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை பற்றி நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அன்றிலிருந்து அந்தக் கட்டங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் முழு வரி எழுதிப் பொய் சொன்னவன். ஒரு டிக் போட எவ்வளவு நேரமாகும்?

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். பி.ஏ. முடித்து, உபதேசியார் பயிற்சியில் ஆறு மாதம் இருந்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் வண்டன்மேட்டைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட் சபைக்கு வந்தேன். சபையார் எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து கொழுந்து எடுக்கப் போனவர்களின் பிள்ளைகள். ஊர்ப்பேச்சு அப்படியே இருந்தது. மழைதான் வேறு. அட்டைப்பூச்சியும் வேறு.

எங்கள் சபையில் ஒருவர்மேல் புகார் வந்தால் மூன்று படிகள் உண்டு. முதலில் உபதேசியார் தனியாகப் போய் அவரைக் காண வேண்டும். துணைக்குக்கூட யாரும் கூடாது. அவர் வீட்டில் உட்கார்ந்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். அங்கேயே தீர்ந்தால் தாளே கிடையாது. தீராவிட்டால் ஆயருக்கு எழுதித் தர வேண்டும். அவர் இரண்டு மூப்பர்களை வைத்துக்கொண்டு விசாரிப்பார். அதிலும் முடியாவிட்டால்தான் ஞாயிறு ஆராதனையில் பெயரை வாசிப்பது. பெயர் வாசிக்கப்பட்டவர் கோவிலுக்கு வரலாம், பாடலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் மட்டும் கிடையாது. திரும்பச் சேர வேண்டுமானால் சபை முன்னால் நின்று தவற்றைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. முந்தின நாள் பிற்பகல் ஆயத்த ஆராதனை. பந்திக்கு வர விரும்புகிறவர்கள் அன்று உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஒழுங்குக்கு உட்பட்டவர்களின் பெயரை எழுதக் கூடாது. எழுதும் நோட்டு என் கையில் இருந்தது.

ஆயரின் பெயர் சாலமோன். பள்ளி ஆசிரியராக இருந்து ஆயரானவர். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். மிகவும் கோபம் வந்தால் பக்கத்தில் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் விசாரணைத் தாள்களை மூக்கருகே பிடித்து மூன்று முறை படிப்பார். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக ஒரு பென்சில் வைத்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும், "கண்டதா, கேள்விப்பட்டதா?" என்று கேட்பார். கேள்விப்பட்டது என்றால் சிவப்புக் கோடு. அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க மாட்டார். நேரில் கண்டு கேட்டது என்றால் நீலக் கோடு.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. எந்த ஞாயிறு ஒருவருடைய பெயரை வாசிக்கிறாரோ, அந்த ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பிடுவார். "பந்தியிலிருந்துதான் விலக்கினோம். பந்தபாசத்திலிருந்து விலக்கவில்லை" என்பார். வேறு எந்த ஆயரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எஸ்தர் ஏழாம் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. கொழுந்து எடுப்பதில் வேகம், வாய் அதைவிட வேகம். திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக அவர் பொறுப்பு. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

நான் வந்த முதல் வாரமே என்னை ஒரு பிடி பிடித்தார். வெள்ளை வேட்டியும் புதுச் செருப்புமாக லயத்துச் சேற்றில் கால் வைக்கத் தயங்கி நின்றேன். குழாயடியில் பத்துப் பெண்கள். "ஏட்டி, வழி விடுங்க. உபதேசியாரய்யா செருப்பு சேத்தப் பாத்தா அழுதுரும்" என்றார் எஸ்தர். ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு எஸ்டேட் முழுக்க எனக்கு 'அழுகுற செருப்பு' என்று பெயர். பி.ஏ. படித்தவனுக்கு அது தாங்கவில்லை. ஏழாம் லயத்துப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு எஸ்டேட் மாரியம்மன் கோவில் திருவிழா முடிந்த ஞாயிறு, மூப்பர் தாசன் ஆயரிடம் புகார் சொன்னார். தாசன் கொழுந்து மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. "எஸ்தர் தீச்சட்டி எடுத்துக்கிட்டு கோவில் படி வரைக்கும் போனா. எங் கண்ணால பாத்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சியோட நேத்திக்கடனாம்" என்றார்.

ஆயர் என்னைப் பார்த்தார். "போய்ப் பேசிவிட்டு வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள்."

அந்த வாரத்தில்தான் என் இறையியல் கல்லூரி விண்ணப்பமும் அவர் மேசைமேல் இருந்தது. அவர் பரிந்துரைத்தால் போகலாம். இல்லையென்றால் இன்னும் எத்தனை ஆண்டு உபதேசியாரோ தெரியாது.

புதன்கிழமை பிற்பகல் புறப்பட்டேன். அது உண்மை. மழை விடாமல் பெய்தது. ஏழாம் லயத்துக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். குறுக்கே ஒரு மரம் போட்டிருப்பார்கள். மரம் வரைக்கும் போனேன். எதிர்ப்பக்கம் குழாயடியில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னை அவர்கள் பார்க்கவே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். கால் விரலிடுக்கில் ஓர் அட்டை ஏறியிருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்: "தனித்துக் கண்டு பேசினேன். அயல்வீட்டாரின் நேர்த்திக்கடனுக்காகத் தீச்சட்டி எடுத்ததை ஒப்புக்கொண்டாள். புத்தி சொன்னேன். கேட்கவில்லை."

தாசன் சொன்னதையே எஸ்தர் சொன்னதாக மாற்றி எழுதினேன். எப்படியும் அதைத்தானே சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஆயர் தாளை மூக்கருகே பிடித்து மூன்று முறை படித்தார். "நேரில் கேட்டதுதானே?"

"ஆமாம் ஐயா."

நான்கு வாக்கியங்களின் அடியிலும் நீலக் கோடு விழுந்தது.

அடுத்த வாரம் விசாரணை. ஆயர், தாசன், இன்னொரு மூப்பர், குறிப்பெழுத நான். எஸ்தர் இரண்டு கையையும் சேலை முந்தானைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு நின்றார். அது திமிர் என்று நினைத்தேன்.

"தீச்சட்டி எடுத்தது உண்டா?" ஆயர் கேட்டார்.

"உண்டுய்யா."

"பேச்சியின் நேர்த்திக்கடனா?"

"ஆமய்யா. அவளோடதுதான்."

"வருத்தப்படுகிறாயா அம்மா?"

எஸ்தர் தாசனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இல்லய்யா. நாளைக்கும் அப்பிடி வந்தா எடுக்கத்தான் செய்வேன்."

ஏன் என்று ஆயர் கேட்கவில்லை. அதைக் கேட்பது முதல் படியில் உபதேசியாரின் வேலை. அந்த வேலை முடிந்துவிட்டதாக அவர் முன் தாள் இருந்தது.

பெயர் வாசிக்கப்பட்டது. மேசை விரிப்பை இனி வேறொருவர் துவைப்பார் என்றும் அறிவிக்கப்பட்டது. பெயர் வாசித்தபோது அசையாமல் இருந்த எஸ்தர், விரிப்பைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானம் ஆயரும் நானும் ஏழாம் லயத்துக்கு, அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். பாயில் உட்கார்ந்தோம். சோறும் பருப்பும் கருவாடும். எஸ்தர் அகப்பையை விரல் நுனியால் மட்டும் பிடித்துப் பரிமாறினார். தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து சிவந்த சதை தெரிந்தது. ஓரமெல்லாம் டிஸ்பென்சரியில் போட்ட ஊதா மருந்து. ஆயரின் புரை விழுந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

ஆயர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உபதேசியார் தனியாக வந்து பேசினபோதே நீ கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம் எஸ்தர். வந்தார் அல்லவா?"

என் கை தட்டில் அப்படியே நின்றது. எஸ்தர் என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்தாகய்யா. நாந்தான் கேக்கல."

திரும்பும்போது ஆயர் முன்னால் போய்விட்டார். குழாயடியில் காலில் கட்டுடன் ஒரு பெண் என்னை மறித்தார். அவர்தான் பேச்சி.

"ஏ உபதேசியாரு, எங்கக்கா கையப் பாத்தீரா?"

"பார்த்தேன்."

"செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி எங் காலக் கிழிச்சிருச்சி. புள்ளைக்குக் காய்ச்சல் தீந்ததுக்கு நேந்திருந்தேன், எப்பிடி விடுறது? இடுப்புல புள்ள, கையில சட்டி. சறுக்குல கால் போயிருச்சி. வாசல்ல நின்ன அக்கா ஓடியாந்து வெறுங்கையால வாங்கிட்டா. கீழ வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் கத்துறாங்க. படிவர கொண்டுபோய்ப் பூசாரிட்ட குடுத்துட்டுத் திரும்பி வந்துட்டா. இதுக்கா தள்ளி வச்சீரு? ஒம்ம சாமிக்குக் கண்ணு இல்லையா, ஒமக்குக் காலு இல்லையா?"

மேட்டில் நின்ற தாசனின் கண்ணுக்கு அந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நான் போயிருந்தால் கையைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் கேட்டிருப்பேன். தாளே இருந்திருக்காது.

அன்று நான் ஓடிப்போய் ஆயரை நிறுத்தியிருக்கலாம். நூறு அடி தூரத்தில் குடையோடு போய்க்கொண்டிருந்தார். நான் நடையை மெதுவாக்கிக்கொண்டேன். முதல் தவற்றுக்கு வெட்கம் காரணம். இதற்கு விண்ணப்பம் காரணம். இரண்டாவதுதான் பெரிய தவறு என்று இன்றும் நினைக்கிறேன். பரிந்துரைக் கடிதம் அந்த மாதமே கிடைத்தது. "உண்மையுள்ள ஊழியர்" என்று அதில் எழுதியிருந்தார்.

அடுத்த மாதம் ஆயத்த ஆராதனை. வரிசையில் எஸ்தரும் வந்து நின்றார்.

"எம் பேரையும் எழுதிக்கிடுங்க."

"எழுத முடியாதம்மா. சபை முன்னால் அறிக்கை செய்தால்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். அதே கேள்வி, அதே பதில், அதே "சரி". நான் அங்கிருந்த மிச்ச பதினான்கு மாதமும் ஒரு மாதம்கூட அவர் தவறவில்லை. குத்திக் காட்டுவது போலவும் இருக்காது, கெஞ்சுவது போலவும் இருக்காது. ரேஷன் கடையில் அட்டையை நீட்டுவது போல இருக்கும். மேசை விரிப்பு மெல்ல மெல்லப் பழுப்பேறிக்கொண்டிருந்தது.

கல்லூரிக்குப் போனேன். எஸ்டேட்டை மறந்துவிடலாம் என்று நினைத்தேன். சாலமோன் ஆயர் ஓய்வு பெற்றுக் கண் அறுவை செய்துகொண்ட பின் இறந்துபோனார் என்ற செய்தி கிடைத்தது. இனி அவரிடம் சொல்ல முடியாது என்ற துக்கத்தோடு, இனி சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதியும் சேர்ந்தே வந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்தேன்.

ஆயராகி முதலாண்டு பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சபையில் இருந்தேன். ஓர் உபதேசியார் என்னிடம் ஒரு விசாரணைத் தாளை நீட்டினார். "நேரில் கேட்டதா?" என்று என் வாய் தானாகக் கேட்டது. அதற்குமேல் முடியவில்லை. மறுநாளே மேலிடத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எஸ்டேட்டில் அப்போதிருந்த ஆயருக்கும் எழுதி, சபை முன்னால் நின்று அறிக்கை செய்ய அனுமதி கேட்டேன். வரலாம் என்று பதில் எழுதினார்.

சனிக்கிழமை மத்தியானமே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆயர் வீட்டில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை எழுதி, அடித்து, திருத்தி எழுதினேன். அன்று பிற்பகலிலும் எஸ்தர் பெயர் கொடுக்க வந்துவிட்டுப் போனதாகப் புது உபதேசியார் சொன்னார். கேட்டுக்கொண்டு மறுபடி திருத்த உட்கார்ந்தேன். ஓடைக்கு அப்பால் நடந்தால் கால் மணி நேரம். முதலில் போய் அவரைத் தனியாகக் காண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் படியை இரண்டாவது முறையும் தாண்டிக் குதித்தேன்.

ஞாயிறு, சபை முன்னால் நின்று சொன்னேன். போகவில்லை என்றேன், போனதாக எழுதினேன் என்றேன், உண்மை தெரிந்த பிறகும் மறைத்தேன் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எஸ்தரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, அவர் வீட்டில் சாப்பிட்டபோது நடந்ததையும் சொன்னேன். "வந்தாகய்யா என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார்" என்றேன்.

தாசன் எழுந்தார். தலை நரைத்திருந்தது, கறார் குறையவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். அப்ப எஸ்தர் சாலமோன் பெரிய ஐயாட்ட சொன்னது பொய்தான? அது தனிக் குத்தம்லா?"

மன்னிப்புக் கேட்க வந்தவன், அவர் தலையில் இன்னொரு குற்றத்தை வைத்திருந்தேன். ஆயர் பதில் சொல்வதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து எஸ்தர் எழுந்து நடந்து வந்தார். என்னைப் பார்க்காமல் என் பக்கத்தில் நின்றார்.

"தீச்சட்டி எடுத்ததுக்கு நான் இன்னிக்கும் வருத்தப்படல. எடுக்காட்டிப் பேச்சி புள்ளயோட விழுந்திருப்பா. ஆனா இவுக எங்க வீட்டுக்கு வரல. வந்தாகன்னு பெரிய ஐயாட்ட சொன்னது நாந்தான். அது பொய். அதுக்கு சபை என்னய மன்னிக்கணும்."

தாசன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "விழப் போனாளா? நான் மேட்டுலல்லா நின்னேன்... எனக்கு அது தெரியலயே" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதது போல உட்கார்ந்தார்.

ஆயர் பழைய தாளை எடுத்துவரச் சொல்லி, நீலக் கோடிட்ட வரிகளைச் சபை முன்னால் குறுக்கே அடித்தார். எஸ்தரின் பொய்யை அவர் அறிக்கை செய்தபடியே ஏற்று, சபை மன்னித்ததாக அறிவித்தார். செய்யாத பாவத்துக்காக நிற்க மறுத்தவர், எனக்காகச் செய்த பாவத்துக்காக நின்று உள்ளே வந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், "இப்பவாவது தனியா வருவீகளா, செருப்பு அழுவுமா?" என்றார். சிரிக்கவில்லை.

ஓடை மரத்தைத் தாண்டிப் போனேன். அதே பாய், அதே பருப்பு. உள்ளங்கைத் தோல் மழமழவென்று மின்னியது, ரேகை இல்லை.

"அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"சோத்துல கைய வச்சிருந்தீக. எங் கையால போட்ட சோறு. அப்பப் போயி இவுக வரலன்னு சொன்னா, எந்திரிச்சுல்லா போவீக?"

அவ்வளவுதான். நான் அத்தனை ஆண்டுகள் அதற்குப் பெரிய பெரிய காரணங்கள் கற்பித்து வைத்திருந்தேன்.

"நேத்தே வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார். "எல்லார் முன்னாடியும் திடுதிப்புனு நிக்க வச்சிட்டீக."

"என்னை மன்னித்துவிட்டீர்களா?"

"சாப்பிடுங்க. ஆறிப்போவுது."

நான் மறுபடி கேட்கவில்லை, சாப்பிட்டேன்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு எஸ்தர் பந்திக்கு வந்ததாகவும், மேசை விரிப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதாகவும் ஆயர் அஞ்சலட்டை எழுதினார். மேலிடம் எனக்கு ஓராண்டு விலக்கு விதித்தது. பந்தி பரிமாறவும் கூடாது, வாங்கவும் கூடாது. பிரசங்க மேடையிலிருந்து கடைசி பெஞ்சுக்கு வந்தேன். அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் முழங்காலிட்டிருப்பவர்களின் பாதங்கள் மட்டும்தான் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதல் மாதம் ஆயத்த ஆராதனையில் வரிசையில் போய் நின்றேன். என் உபதேசியார், எனக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர், நிமிர்ந்து பார்த்துத் திகைத்துவிட்டார்.

"என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். கண் கலங்கியது. "எழுத முடியாதுங்களே ஐயா."

"சரி" என்றேன்.

பன்னிரண்டு மாதமும் போய் நின்றேன்.